பன்றிக்குக் கழுநீர் பங்கான கதை

பன்றி என்றதும் மூக்கைப் பொத்துகிறவர்கள் பொத்திக்கொண்டே கேளுங்கள். காதைப் பொத்தாமல் இருந்தால் எனக்குப் போதும்.

ஆடு மாடு, குருவி குஞ்சு எல்லாம் மனுஷரோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பன்றிக்கு இருந்த மரியாதை வேறு யாருக்கும் கிடையாது. பன்றி என்று ஒருவரும் வாய் தவறியும் சொன்னதில்லை. ஊற்றுக்காரர் என்றுதான் பெயர். எதிரே வந்தால் யானைகூட ஒதுங்கி வழி விடும். சுத்தம் என்றால் அப்படியொரு சுத்தம். சேற்றில் தெரியாமல் கால் பட்டுவிட்டால் நாலு காலையும் புல்லில் துடைத்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைப்பார். சிரிக்காதீர்கள். நான் சொல்வது அந்தக் காலத்துக் கதை.

மரியாதைக்குக் காரணம் அவர் மூக்கு. அந்தச் சீமையில் ஓடிய ஆறு வருஷத்தில் இருபது நாள் ஓடினால் அதிகம். மற்ற நாளெல்லாம் வெறும் மணல்தான். ஆனால் மணலுக்கு அடியில் எங்கேயோ தண்ணீர் இருக்கும். எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ஊற்றுக்காரருக்குத் தெரியும். மணலை மோந்துகொண்டே நடப்பார். ஓர் இடத்தில் நிற்பார். கண்ணை மூடுவார். பிறகு அந்த நீள மூக்கால் தோண்ட ஆரம்பிப்பார். தோண்டிய இடத்தில் தண்ணீர் வராமல் போனதே இல்லை.

மணல் ஊற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது அவசரத்தைத் தாங்காது. தேங்காய்ச் சிரட்டையால் மேலாக மொள்ள வேண்டும். ஊறும்வரை காத்திருக்க வேண்டும். மறுபடி மொள்ள வேண்டும். ஒரேயடியாக இழுத்தால் அடியில் வெற்றிடமாகி, சுற்றி நிற்கிற மணல் சரிந்து, ஊற்று மூடிக்கொள்ளும். அதனால் ஊற்றில் யாரும் வாய் வைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. மொள்ளுவதற்குக் கை வேண்டும் அல்லவா, அது மனுஷர் வேலை. மொண்ட தண்ணீரைப் பனையோலைப் பட்டையில் ஊற்றி வரிசையாகக் கொடுப்பார்கள். முதல் பட்டை, பால் கொடுக்கிற தாய்க்கு. அவள் மனுஷியானாலும் சரி, அணிலானாலும் சரி. கடைசிப் பட்டை, தோண்டியவருக்கு.

தோண்டியவருக்கு ஏன் கடைசி என்று கேட்பீர்கள். தன் தாகம் தீர்ந்தவன் அடுத்தவன் தாகத்தைப் பற்றி எதற்குக் கவலைப்படப் போகிறான்? ஊற்று எவ்வளவு கொடுக்கும், எல்லாருக்கும் எட்டுமா என்று பார்த்துக்கொண்டிருக்க ஒரு காய்ந்த தொண்டை வேண்டும். அதனால்தான் அப்படி. அதற்குப் பதிலாக இன்னொன்றும் உண்டு. வானமே இடிந்து விழுந்தாலும் அந்தக் கடைசிப் பட்டை அவருக்குத்தான். அதைக் கொடுக்காமல் ஒருவரும் ஆற்றை விட்டுக் கரை ஏறக் கூடாது.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு மூன்று வருஷம் தொடர்ந்து மழை பொய்த்தது.

ஊரே மாடுகளை ஓட்டிக்கொண்டு மேற்கே மலையடிவாரத்துக்குப் போய்விட்டது. வெள்ளத்தாயி என்கிற ஒருத்தி மட்டும் போகவில்லை. நிறைமாதம். நடக்க முடியாது. அவள் புருஷன் இருளாண்டி, இருந்த ஒரே பசுவை ஓட்டிக்கொண்டு, "மாட்ட எங்கயாச்சும் சேத்துட்டு ஓடி வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். போனவன் வரவில்லை. ஆற்றங்கரைக் குடிசையில் அவள் தனியாகவே பெற்றாள். துணைக்கு ஒரு கழுதை வாசலில் நின்றது. கழுதையால் என்ன ஒத்தாசை என்று கேட்காதீர்கள். நின்றதே, அது ஒத்தாசை இல்லையா?

பெண் குழந்தை. இருபது நாள் ஆகியிருந்தபோது கடைசி ஊற்றும் வற்றிப் போனது. ஒரு நாள் முழுக்க வெள்ளத்தாயிக்குக் குடிக்க ஒன்றுமில்லை. மறுநாள் மார் வற்றிவிட்டது. பிள்ளை சப்பிச் சப்பிப் பார்த்து அழுதது, ராத்திரியெல்லாம் அழுதது. மூன்றாம் நாள் விடிந்தபோது அழுகையை நிறுத்திவிட்டது. அழுகிற பிள்ளைக்குப் பயமில்லை. அழாத பிள்ளைதான் பயம். வெள்ளத்தாயி அதன் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்தாள். குழிந்திருந்தது.

அந்த மூன்று நாளும் ஊற்றுக்காரர் சும்மா இருக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் வாயிலும் ஒரு சொட்டுப் படவில்லை. ஆற்றை மேலும் கீழும் மோந்து, நாணல் காய்ந்து நின்ற வளைவில் ஓர் இடம் கண்டுபிடித்துத் தோண்டினார். முன்பெல்லாம் முழங்கால் ஆழம் போதும். இப்போது அவர் உடம்பே உள்ளே இறங்கிப் போகிற ஆழத்துக்குத் தோண்ட வேண்டியிருந்தது. மூக்கு தோல் உரிந்து ரத்தம் வந்தது. நிறுத்தவில்லை.

மூன்றாம் நாள் காலையில் குழிக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. "வந்துட்டா, தாயி."

தண்ணீரை அவர் அப்படித்தான் சொல்லுவார். வெள்ளத்தாயி பிள்ளையைத் தூளியில் போட்டு, கழுதையிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சிரட்டையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். மான், முயல், நரி என்று உயிரோடு மிச்சமிருந்ததெல்லாம் வந்து சுற்றி நின்றன. குழியின் அடியில் சிவப்பாக, கொழகொழவென்று கொஞ்சம் கசிந்திருந்தது.

"மூணு தரம் எறைச்சுக் கொட்டு, தாயி," என்றார் மேலே ஏறி வந்த ஊற்றுக்காரர். "மொதக் கலங்கல் உவரு. குடிச்சா கொடலப் பொரட்டும். தூரக் கொட்டு, என் மூக்குல பட்டுச்சுன்னா மூக்கு செத்துப்போகும். அப்புறம் எனக்குத் தண்ணி வாடை தெரியாது."

குழியில் இறங்கி அவள் இறைத்துக் கொட்டினாள். மூன்றாவது தரத்துக்குப் பிறகு அடியில் ஊறியது, தெளிவாக ஊறியது. கையளவு இடத்தில் வானம் தெரிந்தது. அவள் சிரட்டையை நீட்டினாள்.

"இப்ப வேணாம்," என்றார்.

"பிள்ள அழ மாட்டேங்குது, ஊத்துக்காரரே. ஒரே ஒரு சிரட்ட."

"தெரியும் தாயி. மணலு இன்னும் பிடிக்கல. இப்ப மொண்டா மொத்தமும் சரிஞ்சிரும். வெயிலு உச்சிக்கு வரட்டும். அதுக்குள்ள மணலு இறுகிரும், தண்ணியும் சிரட்டைக்கு நெறைஞ்சு நிக்கும். மொதப் பட்ட ஒனக்குத்தான். நீ போயிப் பிள்ளயத் தூக்கிட்டு வா. குடிச்ச ஒடனே மாருல போடலாம்."

சுற்றி நின்றவர்களையும் கரை நிழலுக்குப் போகச் சொன்னார். விளிம்பில் ஆள் நடமாடினால் மணல் உதிரும். எல்லாம் சரியான யோசனைதான், ஒரு குறையும் சொல்ல முடியாது. எல்லாரும் போனார்கள். வெள்ளத்தாயி கரை ஏறும்போது திரும்பிப் பார்த்து, "பாத்துக்கங்க, ஊத்துக்காரரே," என்றாள்.

"என் ஊத்த நான் பாத்துக்கிற மாட்டேனா?" என்றார் அவர்.

கவனித்தீர்களா? அதுவரை ஒருநாளும் அவர் 'என் ஊற்று' என்று சொன்னதில்லை.

அவரும் ஊற்றும் மட்டும் இருந்தார்கள். வெயில் ஏறியது. குழிக்குள் தண்ணீர் மெல்ல மெல்ல உயர்ந்தது. விரல் அளவு, பிறகு இரண்டு விரல். அவர் கண்ணை வேறு பக்கம் திருப்பினார். கண்ணைத் திருப்பி என்ன பண்ண, மூக்கைத் திருப்ப முடியுமா? அந்த மூக்குக்கு நாலு பனை தூரத்துத் தண்ணீரே வாடை அடிக்கும். இது மூக்குக்கு நேர் கீழே கிடக்கிறது. மூன்று நாள் காய்ந்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மூக்குப் புண் எரிகிறதே, கொஞ்சம் நனைத்துக்கொண்டால் என்ன என்று நினைத்து, குழிக்குள் தலையை இறக்கினார். நனைத்தார். தண்ணீர் குறையவில்லை. மணல் அசையவில்லை. உதட்டை நனைத்தால் என்ன? நனைத்தார். ஒன்றும் ஆகவில்லை. வெயில் உச்சிக்கு இன்னும் ஒரு முழம் இருந்தது. கரையில் ஆள் அரவம் இல்லை. தோண்டியது யார், மூக்கில் ரத்தம் வந்தது யாருக்கு, ஒரே ஒரு வாய், யாருக்கும் தெரியப் போவதில்லை, அவள் வருவதற்குள் அதுவும் ஊறிவிடும் என்று நினைத்தார்.

ஊற்றில் வாய் வைத்தார்.

இதற்கு மேல் அவர் இவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பன்றி என்றே சொல்கிறேன்.

ஒரு வாய் இறங்கியது. அது தொண்டைக்கே காணவில்லை. இன்னொரு வாய். மூன்றாவது வாயில் பன்றிக்கு வெள்ளத்தாயி மறந்து போனாள். ஐந்தாவது வாயில் தானே தன்னை மறந்தது. உர்ர்... உர்ர்... என்று மூச்சும் தண்ணீரும் ஒன்றாக உறிஞ்சியது. மணலுக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்ததை ஒரே இழுப்பாக இழுத்தது. பக்கச் சுவரில் ஒரு பிடி மணல் உதிர்ந்து நெற்றியில் விழுந்தது. அப்போதாவது தலையைத் தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை.

கரையில் பிள்ளையோடு இறங்கிக்கொண்டிருந்த வெள்ளத்தாயிக்கு அந்தச் சத்தம் கேட்டது. அப்படி ஒரு சத்தத்தை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. ஆனாலும் அது என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு மணலில் ஓடினாள்.

அவள் வருவதற்குள் குழியின் நாலு பக்கமும் சரிந்துவிட்டது. பன்றியின் பின்னங்கால் மட்டும் வெளியே தெரிந்தது. அந்த நிலையிலும் உள்ளேயிருந்து உறிஞ்சுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. தண்ணீர் தீர்ந்து சேறு, சேறு தீர்ந்து மணல், எது வாயில் வந்ததோ அதை உறிஞ்சிக்கொண்டிருந்தது. நரியும் மானும் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டன. முகமெல்லாம் சேறு. மூக்கின் இரண்டு துளையும் கலங்கலால் அடைபட்டிருந்தன.

குழி இருந்த இடத்தில் ஈரமணல் ஒரு வட்டமாகத் தெரிந்தது. வெயிலில் அதுவும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்தது.

"ஒரு வாய்தான்னு வச்சேன், தாயி," என்றது பன்றி.

"எத்தன வாய் குடிச்ச?"

'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. பன்றிக்கும் அது கேட்டது.

"எண்ணல."

வெள்ளத்தாயி திட்டவில்லை. திட்டுவதற்கு அவள் நாக்கில் ஈரம் இல்லை. "தோண்டு," என்று மட்டும் சொன்னாள்.

பன்றி மூக்கை மணலில் வைத்து இழுத்தது. ஒன்றும் தெரியவில்லை. மறுபடி இழுத்தது. சேற்று வாடைதான் வந்தது. எங்கே வைத்தாலும் சேற்று வாடை. இங்கே இருக்கும் என்று ஓர் இடத்தில் கிளறியது. இல்லை. அங்கே ஓடிக் கிளறியது. அங்கேயும் இல்லை. ஆறு முழுக்க மூக்கால் உழுதது. கண்ணை மூடி நின்று, ஓர் இடத்தைச் சொல்லி, அங்கேயே தண்ணீர் எடுத்த மூக்கு அது. இப்போது நூறு இடத்தில் கிளறியும் ஒரு சொட்டு இல்லை.

வெள்ளத்தாயி அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. பிள்ளையின் கண் பாதி மூடிக் கிடந்தது. உதடு வெடித்திருந்தது. குடிசைக்குத் திரும்பினாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். குடிசைக்குப் பின்புறம் அவள் கண் போனது. அங்கே கழுநீர்ப் பானை இருந்தது.

கழுநீர் என்றால் தெரியும் அல்லவா? தானியம் களைந்த தண்ணீர், சட்டி கழுவிய தண்ணீர், ஊசிப்போன கஞ்சி, எல்லாம் ஊற்றி வைப்பது. பசுவுக்காக வைத்திருந்தது. பசுவை ஓட்டிக்கொண்டு போன பிறகும், கை பழக்கத்தில் கழுவியதையெல்லாம் அதிலேயே ஊற்றி வந்திருந்தாள். அந்தக் காலத்து மனுஷருக்கு அது தண்ணீர்க் கணக்கிலேயே சேராது. மாடு தவிர யாரும் அதில் வாய் வைக்க மாட்டார்கள். பிள்ளை பெற்றவள் கழுநீரைத் தொட்டால் அவள் பால் நஞ்சாகும் என்று வேறு ஒரு பேச்சு இருந்தது. அதனால்தான் இத்தனை நாளும் அவளுக்கு அந்த யோசனையே வரவில்லை. பானை மேல் கிடந்த பலகையை நகர்த்தினாள். ஏடு கட்டி, நுரைத்து, பூச்சி மிதந்தது. வாடையில் நரி பத்தடி பின்னால் போனது.

"தாயி, வேணாம்," என்றது கழுதை. "நானே அதுல வாய் வைக்க மாட்டேன். பாலு நஞ்சாயிரும்னு சொல்லுவாகள்ல."

"பாலே இல்ல. நஞ்சாகுறதுக்கு என்ன இருக்கு?" என்றாள் வெள்ளத்தாயி.

பிள்ளையைக் கழுதையின் நிழலில் கிடத்திவிட்டு, பானையின் விளிம்பைப் பிடித்துச் சாய்த்து வாய் வைத்தாள். மூச்சு விட்டால் வாடை தெரியும், வாடை தெரிந்தால் குடிக்க முடியாது. அதனால் மூச்சே விடாமல் குடித்தாள். மடக்கு மடக்கென்று, தாடையிலும் மாரிலும் வழிய வழியக் குடித்தாள். ஆற்றில் கேட்ட அதே சத்தம். மான் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒருத்தி பிள்ளைக்காகக் குடிக்கிறாள், இன்னொன்று தனக்காகக் குடித்தது. தொண்டைக்கு அதெல்லாம் தெரியுமா? அது ஒரே சத்தத்தைத்தான் போடும்.

வேலியோரம் வந்து நின்ற பன்றியும் அதைக் கேட்டது.

பானையைக் கீழே வைத்தபோது அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். வந்ததை மறுபடி விழுங்கினாள். அப்படி மூன்று தரம். சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்தியபடியே உட்கார்ந்திருந்தாள். நிழல் கிழக்கே சாய்ந்து வேலி வரைக்கும் நீண்டது.

வெயில் தாழ்ந்தபோது பிள்ளையை எடுத்து மாரில் வைத்தாள். பிள்ளைக்குச் சப்பத் தெம்பில்லை. அவளே பீச்சினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி பீச்சினாள். பிறகும் பீச்சினாள். ஒரு சொட்டு வந்து காம்பில் நின்றது. அதைப் பிள்ளையின் உதட்டில் தடவினாள். நஞ்சோ என்னமோ என்று அவள் கை ஒரு கணம் தயங்கத்தான் செய்தது. பிள்ளை உதட்டை அசைத்தது. இன்னொரு சொட்டு. நாக்கு நீட்டியது. கொஞ்ச நேரம் கழித்துக் காம்பைப் பற்றியது, போதாமல் விட்டது, விட்டதும் வீலென்று அழுதது.

பிள்ளை அழுதது. வெள்ளத்தாயியும் அழுதாள். கழுதை அழுததா என்று என்னைக் கேட்காதீர்கள், அது முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் எல்லாருக்கும் பன்றியின் ஞாபகம் வந்தது. வேலியோரத்திலேயே நின்றுகொண்டிருந்தது. மேலெல்லாம் காய்ந்த சேறு. துடைக்கவில்லை. கழுதை பின்னங்காலைத் தூக்கியது.

"இத இனிமே இந்தப் பக்கமே விடக் கூடாது. ஒத வாங்குனாத்தான் புத்தி வரும்," என்றது.

"இரு," என்றாள் வெள்ளத்தாயி.

பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள். கழுநீர்ப் பானையின் அடியில் வண்டலாகக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பானையைத் தூக்கிக்கொண்டு வேலிப்பக்கம் போனாள். பன்றி அவள் கையைப் பார்த்தது. கையில் ஓலைப் பட்டை இல்லை. ஊற்றில் வாய் வைத்த பன்றிக்கு இனி ஏது பட்டை? மாட்டுக்குப் போட்டிருந்த உடைந்த தொட்டியில் பானையைக் கவிழ்த்தாள்.

"தோண்டுனவனுக்குக் கடைசி வாய் உண்டு," என்றாள். "அத மாத்துறதுக்கு நான் யாரு? இந்தா, குடி."

அவள் மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மன்னிக்கவில்லை. பங்கு இருந்தது, கொடுத்தாள். பன்றிக்கும் அது புரிந்தது. திட்டியிருந்தால் தலை நிமிர்ந்து பதில் சொல்லியிருக்கும். உதைத்திருந்தால் ஓடியிருக்கும். கடைசிப் பங்கைக் கையில் கொண்டுவந்து கொடுத்தால் என்ன செய்வது? தொட்டிக்குள் தலையை விட்டது. அவள் நின்றுகொண்டிருந்த வரைக்கும் தலையை வெளியே எடுக்கவில்லை.

இருளாண்டி மறுநாள் காலையில் தண்ணீர்த் தோல்பையோடு வந்தான். மழை அதற்கும் மறுநாள் வந்தது. மழைக்கு என்ன, அது அவசரமில்லாமல் வந்தது. ஆறு ஓடியது, ஊர் திரும்பியது. ஊற்றுக்காரரே என்று கூப்பிட்டுப் பழகிய வாய்கள் எல்லாம் இப்போது பன்றி என்று கூப்பிட்டன. ஆனால் வெள்ளத்தாயி ஒருநாளும் அந்தத் தொட்டியைக் காயவிடவில்லை. எல்லாரும் தின்று கை கழுவிய பிறகு, சட்டி கழுவிய தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றுவாள். அவளுக்குப் பிறகு அந்தப் பெண் பிள்ளை வளர்ந்து ஊற்றினாள்.

அன்றைக்கு விழுந்த வழக்கம் இன்றைக்கும் மாறவில்லை. வீட்டில் கடைசி ஆள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் கழுநீர் பன்றியின் தொட்டிக்குப் போகிறது. பன்றியும் யார் முகத்தையும் பாராமல், தலையைத் தூக்காமல், உர்ர் உர்ரென்று உறிஞ்சிக் குடித்துவிட்டு, மூடிப்போன அந்த ஒற்றை ஊற்றைத் தேடிப் போகிற இடமெல்லாம் மூக்கால் மண்ணைக் கிளறிக்கொண்டே போகிறது.